ஓஎல்இடிகளில் ஒளி வெளிக்கொணர்தல்

கரிம ஒளியுமிழ் டையோடு எனப்படும் ஓஎல்இடி, எளிய அமைப்பில், தன்னுள் பிறக்கும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே வெளியே விடுகிறது. மிச்சத்தை மீட்கும் நுட்பங்களின் பொதுப்பெயர் ஒளி வெளிக்கொணர்தல்.

1987இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் ஈரடுக்குக் கரிம டையோடை அறிவித்தனர். 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்திலேயே அது பளிச்சென்று எரிந்தது. ஆயினும் செலுத்திய 100 எலக்ட்ரான்களுக்கு வெளிவந்தது சுமார் 1 ஃபோட்டான்தான். குறை பெரும்பாலும் வேதிப்பொருளில் இருந்தது; கிளர்வுற்ற நிலைகளில் நான்கில் ஒன்றே அதில் ஒளியாக மாற முடியும். 1998 முதல் பால்டோ, தாம்சன், ஃபாரஸ்ட் குழுவினர் பிளாட்டினம், இரிடியம் சேர்மங்களைக் கொண்டு அந்தத் தடையை நீக்கினர். 2001இல் அகக் குவாண்டம் திறன், அதாவது செலுத்திய எலக்ட்ரான்களுக்கு உள்ளே பிறக்கும் ஃபோட்டான்களின் விகிதம், ஏறக்குறைய 100 விழுக்காட்டை எட்டியது. வெளியே கிடைத்ததோ 19 விழுக்காடு. இத்துறையின் உண்மையான தொடக்கம் இந்த இடைவெளிதான் எனலாம்: வேதியியலாளர்கள் தம் பங்கை முடித்துவிட்டார்கள், எஞ்சியது ஒளியியல்.

கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.7, கண்ணாடிக்கு 1.5, காற்றுக்கு 1. கண்ணாடியின் வெளிப்பரப்பில் செங்குத்திலிருந்து 42 பாகைக்கு மேல் சாய்ந்து விழும் கதிர் முழு அக எதிரொளிப்பால் உள்ளேயே திரும்பிவிடுகிறது. இன்னொரு பங்கு படலங்களுக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி மறைகிறது. உலோக எதிர்மின்வாயின் பரப்பில், எலக்ட்ரான்களின் கூட்டு அதிர்வான பிளாஸ்மான் அலைகளாகிக் கரைவதும் உண்டு. மீட்கக் கடினமானது இதுவே.

கண்ணாடியில் சிக்கியதை மீட்பது ஒப்பீட்டளவில் எளிது. 2002இல் மோலரும் ஃபாரஸ்டும் கண்ணாடியின் புறத்தே நுண்வில்லைகளைப் பதித்து வெளியீட்டை 1.5 மடங்காக்கினர். படலங்களுக்குள் சிக்கியதை எடுக்க, 2008இல் சன்னும் ஃபாரஸ்டும் ஒளிவிலகல் எண் குறைந்த வலைப்பின்னலை உள்ளேயே புதைத்தார்கள். 2009இல் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ரைனெக்கே, லியோ குழு, ஒளிரும் படலத்தை உலோகத்திலிருந்து தள்ளிவைத்து, ஒளிவிலகல் எண் மிகுந்த கண்ணாடியையும் பயன்படுத்தி, வெள்ளொளியில் வாட்டுக்கு 90 லூமென் பெற்றது. குழல்விளக்கின் திறனை எட்டிய இந்த ஆய்வை இத்துறையின் மிக அழகான சாதனையாகச் சொல்லத் தோன்றுகிறது. ஒளியுமிழும் மூலக்கூறுகளைப் படலத்தில் கிடையாகப் படுக்கவைத்தாலும் பிளாஸ்மான் இழப்பு குறையும். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிம் ஜாங்-ஜூ குழு 2013இல் இவ்வழியில் 30 விழுக்காட்டு வெளித்திறனைக் காட்டியது.

விளக்குக்குப் பொருந்துவது திரைக்குப் பொருந்தாது. கண்ணாடியில் அலைந்து வேறிடத்தில் வெளிவரும் ஒளி, பக்கத்துப் படப்புள்ளியோடு கலந்து படத்தை மங்கச் செய்யும். ஆகவே திரையில் வில்லைகள் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் அடங்க வேண்டும். எல்ஜி டிஸ்பிளே 2023இல் தொலைக்காட்சித் திரைகளில் கொண்டுவந்த நுண்வில்லை வரிசை இத்தகையது. 2025இல் அறிவித்த நான்கடுக்குத் திரையில் அதே நிறுவனம் வில்லைகளைக் கைவிட்டு, ஒளி பிறக்கும் அடுக்குகளைக் கூட்டும் வழிக்குத் திரும்பியது.