கடலோர இருப்புப் பாதை

காலையில் நீஸ் நகரில் ரயிலேறிப் பொழுது சாய்வதற்குள் ஜெனோவா போய்ச் சேரும் தம்பதிகள், ஒரு பக்கம் மத்தியதரைக் கடலும் மறு பக்கம் மலைச்சரிவுமாக விரியும் காட்சியில் லயித்து, அப்பாதையின் சரித்திரத்தைச் சிந்திப்பது அபூர்வம்.

நீஸ், 1860-ல் பிரான்ஸுடன் இணைந்த ஊர். 1864-ல் அங்கு எட்டிய இருப்புப் பாதை, 1868-ல் மொனாக்கோவையும் 1869-ல் மாந்தோனையும் தொட்டு, மலை கடலில் கால் நீட்டிய இடமெல்லாம் குகை குடைந்து, 1872-ல் எல்லையூராகிய வெந்திமில்யா வழியே ஜெனோவாவுடன் தொடர்புற்றது. அதன் பின்னரே, குதிரை வண்டியிலும் படகிலும் வந்த குளிர்கால விருந்தினர் பெருந்திரளாயினர். ரஷ்யச் சக்கரவர்த்தினி மரியா அலெக்ஸாந்த்ரோவ்னா 1874-75 குளிர்காலத்தைத் தேக ஆரோக்கியத்தின் பொருட்டு சான் ரெமோவில் கழித்தார். பேரீச்சை மரங்கள் நிழலிடும் அவ்வூரின் கடற்கரை வீதி இன்றும் 'சக்கரவர்த்தினி வீதி' என்றே வழங்குகிறது.

1883-ல் கலே துறைமுகத்திலிருந்து படுக்கை வண்டிகள் கொண்ட விசேஷ ரயில் இக்கரைக்கு ஓடத் தொடங்கியது. 1922-ல் அதற்கு நீல வர்ணப் பெட்டிகள் வாய்த்தன. செல்வந்தரின் போகமாயிருந்த இக்கடற்கரை, 1936-ல் பிரெஞ்சுத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை சட்டமானபின், சாமானியருக்கும் உரியதாயிற்று.

2001-ல் சான் ரெமோ நிலையம் மலைக்குள் சுரங்கத்துக்கு இடம்பெயர, கைவிடப்பட்ட கடலோரத் தடம் சைக்கிள் பாதையாயிற்று. வேகம் கூடியதில் லாபமுண்டு. ஆயினும் ஜன்னலோரப் பிரயாணிக்குக் கடலை மறைத்துவிட்ட அம்மாற்றத்தைப் பூரண அபிவிருத்தி என்று கொண்டாட மனம் ஒப்பவில்லை.