சபைக் கணினிகளில் ஊரின் கோப்புகள்: யாழ். உள்ளூராட்சி மன்றங்கள் தரவுகளைக் காப்பது எப்படி?

2023ஆம் ஆண்டு ஒகஸ்ட் 26ஆம் திகதி, 'லங்கா கவர்மென்ட் கிளவுட்' எனப்படும் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிக் கட்டமைப்பு, கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. கட்டமைப்பு 12 மணித்தியாலங்களுக்குள் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால் அந்த ஆண்டு மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்கு, வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட காப்புப் பிரதி எதுவும் இருக்கவில்லை. இணைப்பில் இருந்த பிரதியும் தாக்குதலில் அகப்பட்டுக்கொண்டது.

பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்க 2021 முதலே திட்டம் இருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் நிர்வாகத் தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனதாகப் பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பின்னர் விளக்கியது. பழைய மென்பொருள், தள்ளிப்போன செலவு, பிரித்து வைக்காத பிரதி ஆகிய மூன்று காரணங்களும் கொழும்புக்கு மட்டும் உரியவை அல்ல.

சபையிடம் இருப்பது என்ன?

யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. யாழ்ப்பாணம் மாநகர சபை ஒன்று. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி நகர சபைகள் மூன்று. பிரதேச சபைகள் பதின்மூன்று. தெருவிளக்கும் குப்பையும்தான் சபையின் வேலை என்று பலர் நினைக்கிறோம். ஆனால் சோலைவரி மதிப்பேடு, கட்டட அனுமதிக் கோப்புகள், காணி உபபிரிவிடல் வரைபடங்கள், வியாபார உரிமங்கள், சந்தைக் குத்தகை, ஊழியர் சம்பளம், ஒப்பந்தகாரரின் கொடுப்பனவு, சபைக் கூட்ட அறிக்கை என ஓர் ஊரின் அன்றாட நிர்வாகம் முழுவதும் சபையின் அலுமாரியிலும் கணினியிலும்தான் இருக்கிறது.

ஒரு காணியின் சோலைவரிப் பதிவு சில வேளைகளில் வரி கட்டிய கணக்கோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. இடம்பெயர்ந்து ஆவணங்களைத் தொலைத்த குடும்பம் ஒன்றுக்கு, தாம் அந்த வீட்டில் இருந்ததைக் காட்ட மிஞ்சியிருக்கும் சில தாள்களில் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.

சட்டமும் இதை வலியுறுத்துகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, சட்டம் வந்த பின்னர் உருவாக்கப்படும் பதிவேடுகளைப் பகிரங்க அதிகாரசபைகள் குறைந்தது 12 ஆண்டுகள் பேண வேண்டும். 'கணினி பழுதாகிவிட்டது, கோப்பு இல்லை' என்பது அந்தக் கடமையை நிறைவேற்றும் பதிலாகாது.

ஒரே இடத்தில் இருந்த ஒரே பிரதி அழிந்தால் என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு முதல் ஜூன் 1 வரை எரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் பொது நூலகம் மாநகர சபையின் நூலகம்தான். சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறியபோது, கையில் எடுக்க முடிந்தவை மட்டுமே தப்பின. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலக முயற்சி நம் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் பேணி வருகிறது. சபைகளின் நிர்வாகக் கோப்புகளுக்கு அப்படி ஒரு காவல் வெளியிலிருந்து வராது. சபையேதான் அதைச் செய்ய வேண்டும்.

தீம்பொருள் எந்த வழியால் நுழைகிறது?

முதலாவது, பென் டிரைவ். தலைமை அலுவலகத்துக்கும் உப அலுவலகத்துக்கும் இடையில் கோப்பு போவதும், கடிதம் ஒன்றை அச்செடுக்க வெளியில் கொண்டுபோவதும் பென் டிரைவில்தான். கோப்புறைகள் மறைந்து, அவற்றின் இடத்தில் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் தெரியும் வைரஸைக் காணாத அலுவலகம் குறைவு. அந்தச் சின்னத்தைச் சொடுக்கும்போதே அது அடுத்த கணினிக்குப் பரவுகிறது.

இரண்டாவது, மின்னஞ்சல் இணைப்பு. அமைச்சின் சுற்றறிக்கை போலவோ கேள்விப்பத்திரம் போலவோ வரும் வேர்ட் கோப்புக்குள் தீம்பொருள் இருக்கலாம். 'சைட்விண்டர்' என்ற குழு இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் அரச நிறுவனங்களை இவ்விதமான கோப்புகளால் குறிவைத்ததை அக்ரோனிஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2025 மே மாதத்தில் வெளியிட்டனர். அக்குழு பயன்படுத்திய ஒபிஸ் மென்பொருள் ஓட்டைகளுக்கு 2017ஆம் ஆண்டிலேயே திருத்தம் வந்துவிட்டது. திருத்தம் போடாத கணினிகள் இன்னும் இருப்பதால்தான் பழைய ஓட்டை இன்றும் பயன்படுகிறது.

மூன்றாவது, திருட்டு மென்பொருள். வின்டோஸையும் ஒபிஸையும் 'கிராக்' செய்யும் சிறு செயலிகள், இலவச எழுத்துருத் தொகுப்புகள், பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றும் அறிமுகமில்லாத கருவிகள் ஆகியவற்றோடு தீம்பொருளும் சேர்ந்து வரலாம். கிராக் செயலியை நிறுவும்போது 'வைரஸ் காவலை நிறுத்திவிடுங்கள்' என்று அதுவே கேட்கும், நாமும் நிறுத்திவிடுகிறோம்.

நான்காவது, காலாவதியான இயங்குதளம். 2017 மே 12ஆம் திகதி 'வன்னகிரை' தீம்பொருள் 150க்கு மேற்பட்ட நாடுகளில் பரவியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. வின்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இலும் முடிந்துவிட்டன. பழைய கணினிகள் பலவற்றில் வின்டோஸ் 11 ஏறாது. எனவே இது பாதீட்டோடு தொடர்புள்ள விடயமாகிறது.

பொதுக் கோப்புறையின் ஆபத்து

வேலை இலகுவாகட்டும் என்று ஒரு கணினியில் பொதுக் கோப்புறை ஒன்றைத் திறந்து, எல்லோருக்கும் எழுதவும் அழிக்கவும் அனுமதி கொடுப்பது பல அலுவலகங்களின் வழக்கம். கப்பத் தீம்பொருள் தான் நுழைந்த கணினியில் இருப்பவரின் அனுமதியோடுதான் இயங்கத் தொடங்குகிறது. முன் கவுண்டரில் இருப்பவருக்குக் கணக்குக் கிளையின் கோப்புகளை மாற்ற அனுமதி இருந்தால், அவரது கணினிக்குள் வந்த தீம்பொருளுக்கும் அந்த அனுமதி உண்டு. கணினியோடு எப்போதும் செருகியே இருக்கும் வெளி வன்தட்டும் அதே நேரத்தில் பூட்டப்பட்டுவிடும். வின்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய பதிப்புகளையும் இவ்வகைத் தீம்பொருள்கள் முதலில் அழித்துவிடுவதுண்டு.

செய்ய வேண்டியவை

*காப்புப் பிரதி.* உலகெங்கும் சொல்லப்படும் விதி 3-2-1. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். ஒரு பிரதேச சபைக்கு இதன் பொருள்: வேலை செய்யும் கணினியில் ஒன்று, மாறிமாறிச் செருகிக் கழற்றும் இரண்டு வெளி வன்தட்டுகளில் ஒன்று, உப அலுவலகத்தின் இரும்பு அலுமாரியிலோ அரச மேகக் கணினியிலோ ஒன்று. பிரதி எடுத்ததும் வன்தட்டைக் கழற்ற வேண்டும். வெளியே போகும் பிரதி கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிரதியிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்பியிருக்க முடியாது.

*அனுமதி.* கணக்கு, வருமானம், கட்டட அனுமதி, நிர்வாகம் என ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கோப்புறை. மற்றவர்களுக்குத் தேவையானால் வாசிக்கும் அனுமதி மட்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகி கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. சாதாரணப் பயனர் கணக்கில் வேலை செய்தால் அறிமுகமில்லாத மென்பொருள் தானாக நிறுவப்படுவது பெரும்பாலும் தடைப்படும்.

*வைரஸ் காவல்.* வின்டோஸோடு வரும் டிபென்டர் சிறிய அலுவலகம் ஒன்றுக்குப் போதுமான தொடக்கம். அது இயங்குகிறதா, இற்றைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அறிமுகமில்லாத செயலிகள் முக்கிய கோப்புறைகளை மாற்றுவதைத் தடுக்கும் வசதியும் அதில் உண்டு. வழமையாக அது அணைக்கப்பட்டே இருக்கும், நாமே இயக்க வேண்டும். சந்தா முடிந்த வைரஸ் காவல், இல்லாத காவலுக்குச் சமம்.

*பழைய கணினிகள்.* வின்டோஸ் 11 ஏறாத கணினிகளைத் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் மட்டும் பயன்படுத்துவதானால், இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம். அதில் யுனிகோட் தமிழ் நன்றாகவே இயங்கும். கணக்குக் கிளைக்குப் புதிய கணினி முதலில்.

*கடவுச்சொல்லும் மின்னஞ்சலும்.* சபையின் கடிதப் போக்குவரத்து உத்தியோகத்தர் ஒருவரின் சொந்த ஜீமெயிலிலோ வட்ஸ்அப்பிலோ நடந்தால், அவருக்கு இடமாற்றம் கிடைக்கும் நாளில் பதிவுகளும் அவரோடு போய்விடும். சபைக்கென அரச மின்னஞ்சல் வேண்டும். அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும். வருடாந்த இடமாற்றத்தின்போது திறப்புகளைக் கையளிப்பது போலக் கணக்குகளையும் கையளித்து, கடவுச்சொற்களை அன்றே மாற்ற வேண்டும்.

*வலையமைப்பைப் பிரித்தல்.* நூலகத்தில் வாசகர்களுக்குக் கொடுக்கும் வைபையும் கணக்குக் கிளையின் கணினிகளும் ஒரே வலையமைப்பில் இருக்கக் கூடாது. ரவுட்டரின் ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுவதும், தேவையற்ற தொலைநிலை அணுகலை மூடுவதும் செலவில்லாத வேலைகள்.

தாக்குதல் நடந்தால்

கோப்புகளின் பெயர் மாறத் தொடங்கினாலோ, பணம் கேட்கும் அறிவித்தல் திரையில் வந்தாலோ, முதலில் வலையமைப்புக் கேபிளைக் கழற்றி வைபையை அணைக்க வேண்டும். காப்பு வன்தட்டை அந்தக் கணினியில் செருகவே கூடாது. திரையைப் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். 'போர்மட்' செய்ய அவசரப்பட்டால் தடயமும், மீட்கும் வாய்ப்பும் சேர்ந்தே அழியும். 2006 முதல் இயங்கும் இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவான சேர்ட் அமைப்பை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறையிடவும் முடியும்.

பணம் கொடுத்தால் கோப்பு திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. 2019 மே மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் மாநகரம் தாக்கப்பட்டபோது கேட்கப்பட்டது 13 பிட்கொயின், அன்றைய மதிப்பில் சுமார் 76,000 டொலர். மாநகரம் கொடுக்க மறுத்தது. மீளமைப்புக்கும் இழந்த வருமானத்துக்குமாக 18 மில்லியன் டொலருக்கு மேல் செலவாகும் என மதிப்பிடப்பட்டது. வீடு வாங்குவோர் விற்போரின் பதிவுகளும் நீர்க் கட்டணப் பட்டியல்களும் வாரக்கணக்கில் முடங்கின. முன்கூட்டிய தயாரிப்பின் செலவு இதோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது.

பாதீட்டில் ஒரு வரி

2025 பெப்ரவரியில் அரசாங்கம் 'கவ்பே' இணையக் கொடுப்பனவு முறையைத் தொடக்கியது. உள்ளூராட்சி மன்றங்களின் வரிகளும் கட்டணங்களும் படிப்படியாக இணையத்துக்கு நகர்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டாலும், மக்களின் அடையாள அட்டை இலக்கத்தையும் முகவரியையும் வைத்திருக்கும் சபைகளுக்கு அந்தப் பொறுப்பிலிருந்து நீண்ட காலம் விலகியிருக்க முடியாது.

2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலுக்குப் பின்னர் சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். பாதீட்டு விவாதத்தில் வீதிக்கும் வடிகாலுக்கும் ஒதுக்கும்போது, இரண்டு வெளி வன்தட்டுகளுக்கும், உரிமம் பெற்ற மென்பொருளுக்கும், உத்தியோகத்தர்களுக்கான ஒரு நாள் பயிற்சிக்கும் ஒரு வரி சேர்ப்பது கடினமல்ல. ஒவ்வொரு சபையிலும் இதற்குப் பொறுப்பாக ஓர் உத்தியோகத்தரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்க வேண்டும். சிறிய சபைகள் தனித்தனியே நிபுணரைத் தேடுவதைவிட, அயல் சபைகள் சேர்ந்து ஒருவரின் சேவையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

தவிசாளரிடமோ செயலாளரிடமோ எந்த உறுப்பினரும், எந்த வரியிறுப்பாளரும் மூன்று கேள்விகள் கேட்கலாம். கடைசியாகக் காப்புப் பிரதி எடுக்கப்பட்டது எப்போது? அது எங்கே இருக்கிறது? அதிலிருந்து கோப்பு ஒன்றை மீட்டுப் பார்த்தீர்களா? தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்திலும் கேட்கலாம். மூன்றுக்கும் திகதியோடு பதில் சொல்லும் சபையில் உங்கள் வீட்டுக் கோப்பு ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறது.