தம்புள்ளைக் குகையும் வரலாற்று மாணவனும்

வரலாறு கடினமான பாடம் என்பர் மாணவர். யாது கடினம் என வினவின், அரசர் பெயர்களும் ஆண்டுகளும் நினைவில் நில்லாமையே என விடை பகர்வர். நினைவுக்கு ஏற்றும் சுமையே கல்வியின் கடினம் என்னும் இக்கருத்து ஆராயத்தக்கது. வரலாற்றின் மெய்யான கடினம் சான்றுகளைச் சீர்தூக்குதலில் உளது. இதனை உணர்த்தத் தம்புள்ளைக் குகைக் கோயிலினும் சிறந்த இடம் மாத்தளை மாவட்டத்தில் அரிது.

கி. மு. 1ஆம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் இக்குகைகளைக் கோயிலாக்கினான் என்பது மரபு. ஐந்து குகைகளுள் இரண்டாவதில் துட்டகைமுனுவும் எல்லாளனும் பொருத போர் தீட்டப்பெற்றுளது. காண்போர் பலர் அதனைப் போரின் நேர்ச்சான்றாகவே கொள்வர். ஆயின், போர் நிகழ்ந்தது கி. மு. 2ஆம் நூற்றாண்டில், அதனை விரித்துரைக்கும் மகாவம்சம் எழுந்தது கி. பி. 5ஆம் நூற்றாண்டளவில், இன்று நாம் காணும் ஓவியங்களுட் பெரும்பாலன 18ஆம் நூற்றாண்டுக் கண்டி மரபின. ஆகவே, அவை அறிவிப்பது போரை அன்று. கண்டிக் காலத்தார் அப்போரை நினைந்த முறையையே.

மூன்றாம் குகைக் கோயிலை அமைத்தவன் கீர்த்திசிறி இராசசிங்கன் (1747–1782). பௌத்தத்தைப் புரந்த அம்மன்னன் தென்னிந்திய நாயக்கர் குலத்தவன். மகாவம்சமோ எல்லாளனை நடுநிலை தவறாத நீதிமான் எனப் போற்றி, வென்றவன் அவனுக்குச் செய்த இறுதிச் சிறப்பையும் கூறுகின்றது. இலங்கை வரலாற்றை ஈரினத்தாரின் ஓயாப் பகையாகவே காண்பாரது கொள்கையுள் இவ்வுண்மைகள் அடங்கா.

கல்வெட்டாயின் ஐயமின்றி ஏற்கலாமோ? நிசங்கமல்லன் (1187–1196) இங்கு 73 சிலைகளுக்குப் பொன் பூசியதாகப் பொறித்துளான். அது சமகாலச் சான்றே. எனினும், தன் புகழைத் தானே உரைக்கும் சான்று.

கூறியவர் யார், கூறிய காலம் யாது, கூறியதன் நோக்கம் யாது என்னும் மூன்று வினாக்களையும் மாணவன் ஒவ்வொரு சான்றிடத்தும் எழுப்புதல் வேண்டும். பிறர் பெருமை பேசும் ஏட்டை ஐயுறுதல் எளிது. நம் பெருமை பேசும் ஏட்டையும் அவ்வாறே ஐயுறுதல் அரிது. அவ்வருஞ்செயலே கல்லூரிக் கல்வி மாணவனிடம் வேண்டுவது. ஆண்டுகள் மறந்துபோயின் நூலிற் பார்த்துக்கொள்ளலாம். ஐயுற்றுத் தெளியும் பழக்கத்தை வகுப்பிற் பெறாதவன் பின்னர் எந்நூலிற் பெறுவான்? பல இனத்தார் கூடிவாழும் இந்நாட்டில் அப்பழக்கம் தேர்வுக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் இன்றியமையாதது.