நட்சத்திரத்தின் பெயரும் தைப்பவளின் சம்பளமும்

2016ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதியில் பிரித்தானியாவின் 'த சன்' பத்திரிகை இலங்கை தொடர்பான செய்தியொன்றை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகி பியோன்சே அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் 'ஐவி பார்க்' என்ற பெயரில் பெண்களுக்கான உடற்பயிற்சி ஆடைகளைச் சந்தைக்குக் கொண்டு வந்திருந்தார். அவ்வாடைகளைத் தைக்கும் இலங்கைப் பெண்களுக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது 4 பவுண் 30 பென்ஸ் என்பதே செய்தியின் சாரம். மாதக் கணக்கில் 18,500 ரூபா. 100 பவுண் விலையுள்ள லெகின்ஸ் ஒன்றை வாங்குவதற்கு அதனைத் தைக்கும் பெண் ஒரு மாதத்துக்கு மேல் உழைக்க வேண்டும் என்றும் அப்பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. பெண்களுக்கு வலுவூட்டுவது என்ற முழக்கத்தோடு விற்பனைக்கு வந்த ஆடை என்பதால், செய்தி உலகம் முழுவதும் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை.

அச்செய்தி எங்கள் மேசைக்கு வந்தபோது, "அண்ணை, இதைச் சினிமாப் பக்கத்துக்குக் குடுக்கிறதோ, வெளிநாட்டுப் பக்கத்துக்குக் குடுக்கிறதோ?" என்று இளம் உதவி ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தொழிலாளர் பக்கம் என்று ஒன்று எங்களிடம் இருக்கவில்லை.

செய்தியில் குறிப்பிடப்பட்ட நிறுவனம் எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸ். அமலியன் சகோதரர்களான மஹேஷ், அஜய், ஷரட் ஆகிய மூவரும் 1987இல் ஆரம்பித்த நிறுவனம் அது. மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயராயிற்று. கொழும்பு ஊடகங்களின் வாசகர்களுக்கு அது ஏற்றுமதியில் முன்னணி வகிக்கும் ஒரு நிறுவனம் மாத்திரமே. வன்னி மக்களுக்கு அது வேறு விதத்தில் நெருக்கமானது. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் கிளிநொச்சியில் அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றுக்கு இடப்பட்ட பெயர்கள் 'விடியல்', 'வானவில்'. (வன்னிக்கு வெளியே இருந்து வருபவர்கள் வன்னியில் எதற்கும் பெயர் வைக்கும்போது வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.) 'த சன்' செய்தி கிளிநொச்சியைப் பற்றியதன்று. ஆயினும் அது எழுப்பிய கேள்வி கிளிநொச்சிக்கும் உரியதே.

முதலில் நீதியாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அச்செய்தியின் தலைப்பிலும் வரிகளிலும் அடிமைத்தனம் என்ற தொனி இருந்தது. அது மிகை. 2016இன் குறைந்தபட்ச வேதனச் சட்டம் மாதச் சம்பளத்தை 10,000 ரூபா என நிர்ணயித்தது. அதனோடு வரவுசெலவுத்திட்ட நிவாரணப்படி 3,500 ரூபாவைச் சேர்த்தால் 13,500. ஆகவே, 18,500 ரூபா சட்டத்துக்கு மேற்பட்ட சம்பளம். எம்.ஏ.எஸ்., இலங்கையின் ஆடைத் தொழிலில் மோசமான முதலாளி என்று எவரும் சொல்வதில்லை. 2003 முதல் பெண் ஊழியர்களுக்கெனத் தனி மேம்பாட்டுத் திட்டமொன்றையே நடத்தி வந்த நிறுவனம். நல்ல முதலாளி ஒருவர் சட்டத்துக்கு மேலாகக் கொடுத்த சம்பளமே ஓர் ஊழலாகப் பேசப்பட்டதென்றால், பிரச்சினை அந்த முதலாளியோடு முடிந்துவிடுவதில்லை.

குற்றச்சாட்டுக்குப் பதில் வந்தது. பியோன்சேயின் வாயிலிருந்தன்று, 'ஐவி பார்க்'கின் பெயரில். தங்களிடம் கடுமையான நெறிமுறை வர்த்தகத் திட்டம் உண்டு, தொழிற்சாலைகள் பரிசோதிக்கப்படுகின்றன, கணக்காய்வுகள் நடைபெறுகின்றன என்ற பொருளில் சில வாக்கியங்கள். அந்த வாக்கியங்களை எழுதிய உதவியாளர் யாரென்று உலகுக்குத் தெரியாது. ஆனால், அவர் எந்த அச்சிலிருந்து அவற்றை வார்த்தெடுத்தார் என்பது தெரியும். அந்த அச்சு 20 ஆண்டுகளுக்கு முன்னர், இன்னொரு அமெரிக்க நட்சத்திரத்தின் கண்ணீரிலிருந்து செய்யப்பட்டது.

கேத்தி லீ கிபோர்ட் என்ற பெயர் எமது வாசகர்களுக்கு அவ்வளவு பரிச்சயமானதன்று. 1990களில் அமெரிக்கர்கள் காலை நேரத்தில் தொலைக்காட்சியைத் திறந்தால் தெரியும் முகம் அது. வோல்மார்ட் கடைகளில் அவருடைய பெயரில் மலிவு விலை ஆடைகள் விற்பனையாகின. வருமானத்தில் ஒரு பங்கு குழந்தைகளுக்கான தர்ம காரியங்களுக்குச் செல்லும் என்றும் சொல்லப்பட்டது. 1996 ஏப்பிரல் இறுதியில், தொழிலாளர் உரிமைச் செயற்பாட்டாளரான சார்ள்ஸ் கேர்னகன் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் சாட்சியமளித்தார். ஹொண்டுராஸ் நாட்டின் தொழிற்சாலையொன்றில் 13, 14 வயதுச் சிறுமிகள் மணித்தியாலத்துக்கு 31 சதத்துக்கு இந்த ஆடைகளைத் தைக்கிறார்கள் என்றார் அவர். குழந்தைகளுக்கு உதவும் ஆடையைத் தைப்பவர்களே குழந்தைகள் என்பதைவிடப் பெரிய தலைப்பு எந்தப் பத்திரிகைக்குக் கிடைக்கும்?

கேத்தி லீ தனது நிகழ்ச்சியிலேயே கண்ணீர் மல்க மறுப்புத் தெரிவித்தார். தன்னைத் தாக்குவதற்கு எவருக்கு உரிமை உண்டு என்று சீறினார். அடுத்த சில வாரங்களில் நிலைமை மேலும் மோசமாயிற்று. நியூயோர்க் நகரத்தின் நடுவே, மன்ஹாட்டனில் ஒரு தையற்கூடத்தில் அவரது பெயர் பொறித்த ஆடைகளைத் தைத்தவர்களுக்குச் சம்பளம் கொடுபடவில்லை என்று மே மாதத்தில் செய்தி வெளிவந்தது. இப்போது கண்ணீர் உதவாது. அவருடைய கணவர், முன்னாள் காற்பந்தாட்ட வீரர் பிராங் கிபோர்ட், கடித உறைகளில் ஆளுக்கு 300 டொலர் பணத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தையற்கூடத்துக்கே போனார். நியூயோர்க்கின் பிரபல மக்கள் தொடர்பாளர் ஹவார்ட் ரூபின்ஸ்டைன் இந்த நெருக்கடியில் கேத்தி லீயின் சார்பில் இயங்கினார். ஹொண்டுராஸிலிருந்து வந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தியை நட்சத்திரம் நேரில் சந்தித்து வருத்தம் தெரிவித்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர், சில வாரங்களில், சுரண்டலுக்கு எதிரான குரலாக மாறியிருந்தார். மக்கள் தொடர்புத் துறையின் பாடநூல்களில் இடம்பெறத்தக்க மாற்றம்!

அந்த மே மாதத்தில் வன்னி எப்படி இருந்தது? 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட மக்கள் தென்மராட்சியிலும், கிளாலிக் கடலேரி தாண்டி வன்னியிலும் தஞ்சமடைந்திருந்தனர். பொருளாதாரத் தடை நடைமுறையில் இருந்தது. பற்றரி இல்லை, சைக்கிள் டைனமோவை ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் வானொலியைச் சூழ்ந்திருந்து பிபிசி தமிழோசை கேட்ட காலம். யூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தது, செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. பல்கலைக்கழகத்தை விட்டு வந்து பத்திரிகைத் தொழிலில் கால் வைத்திருந்த எனக்கு, மன்ஹாட்டனில் ஒருவர் கடித உறைகளோடு படியேறிய கதை பல ஆண்டுகள் கழித்தே வாசிக்கக் கிடைத்தது. ஆனால், ஒரு கணக்கை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 1996இல் வன்னியின் மரநிழலொன்றில் பிறந்த பெண் குழந்தைக்கு, 'த சன்' அந்தச் செய்தியை எழுதியபோது வயது 20. ஆடைத் தொழிற்சாலைக்கு வேண்டிய வயது.

கேத்தி லீ விவகாரத்தின் பின்னர், 1996 ஓகஸ்டில், ஜனாதிபதி பில் கிளின்டன் ஆடை நிறுவனங்களையும் தொழிற்சங்கங்களையும் மனித உரிமை அமைப்புகளையும் வெள்ளை மாளிகையில் ஒன்றுகூட்டினார். நடத்தைக் கோவை, வெளியார் கண்காணிப்பு என்ற இரண்டும் அங்கிருந்துதான் ஒழுங்கான வடிவம் பெறத் தொடங்கின. சிறுவர் உழைப்புத் தடை, கட்டாய உழைப்புத் தடை ஆகியவற்றில் உடன்பாடு காண்பது இலகுவாக இருந்தது. முரண்பாடு தோன்றிய இடம் ஒன்றே: வாழ்வதற்குப் போதுமான சம்பளம் கொடுக்க வேண்டுமா, சட்டம் சொல்லும் சம்பளம் கொடுத்தால் போதுமா? நிறுவனங்கள் இரண்டாவதையே ஏற்றன. 1998 நவம்பரில் இறுதி உடன்படிக்கை வந்தபோது, அமெரிக்காவின் ஆடைத் தொழிலாளர் சங்கமான 'யுனைட்' கையெழுத்திட மறுத்து வெளியேறிற்று. அதற்குப் பின் உலகெங்கும் தொழிற்சாலைகளுக்கு வந்த கணக்காய்வாளர்கள் மலசலகூடங்களை எண்ணினார்கள், அவசர வாயில்களைப் பார்த்தார்கள், வரவுப் பதிவேட்டைப் புரட்டினார்கள். இந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் சீவிக்க முடியுமா என்ற கேள்விக்கு உடன்பாட்டிலேயே இடம் இல்லாமற் போயிற்று.

எண்ணுவதையாவது சரியாக எண்ணினார்களா? 2012 செப்ரெம்பர் 11இல் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அத்தொழிற்சாலைக்குச் சர்வதேசத் தரச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. எனவே, 2016இல் 'ஐவி பார்க்'கின் உதவியாளர் கணக்காய்வு என்ற சொல்லை எழுதியபோது அவர் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்டது சம்பளத்தைப் பற்றி. பதில் சொல்லப்பட்டது பரிசோதனையைப் பற்றி. 1996இல் அழுதாவது, உறையில் பணத்தை வைத்தாவது பதில் சொல்ல ஒரு மனித முகம் தேவைப்பட்டது. 2016இல் அதுவும் தேவைப்படவில்லை.

இனி வன்னிக்கு வருவோம். எமது மண்ணுக்குத் தொழிற்சாலை புதியதன்று. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் அரசுடைமையாக இயங்கியவை. அங்கே வேலை என்றால் நிரந்தர வேலை. அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியவர்களை நான் அறிவேன். போர் அவற்றை விழுங்கிற்று. 2009 மேயின் பின் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. வடக்கு கிழக்கில் 89,000 விதவைகள் என்று 2010இல் அரச தரப்பே சொன்னது. மாடில்லை, படகில்லை, உழவு இயந்திரம் இல்லை, பல வீடுகளில் ஆண் இல்லை. இந்த நிலத்துக்குத்தான் தையல் இயந்திரங்கள் வந்தன. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ்., வவுனியாவில் இத்தாலிய உள்ளாடை நிறுவனமொன்றின் ஒமேகாலைன். அதற்கு முன்னர் முகவர்களின் பின்னால் கட்டுநாயக்காவுக்குச் சென்று, மொழி தெரியாத விடுதிகளில் அடைந்து கிடந்த பிள்ளைகள், ஊரிலிருந்தே வேலைக்குப் போய் வரலாம் என்றாயிற்று. அதனை அற்பமாகக் கருத என்னால் இயலாது.

இரணைமடுவுக்கு அண்மையில் வசிக்கும் தாய் ஒருவர், மகளும் தானும் தொழிற்சாலையில் வேலை செய்தவர், என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஐயா, தோட்டக் கூலியெண்டால் மழை பெய்தால் வேலையில்லை. இஞ்ச மாதம் முடியக் காசு வருகுது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு ஒரு நாள் நிண்டால் வரவுக் காசு போச்சு. அந்தக் காசு போனால் சம்பளம் சம்பளமில்லை." ஆடைத் தொழிற்சாலைகளின் சம்பளச் சீட்டை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அடிப்படைச் சம்பளம் சிறியது. வரவுக் கொடுப்பனவு, உற்பத்தி இலக்குக் கொடுப்பனவு, மேலதிக நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே கையில் வரும் தொகையாகின்றன. நோய்வாய்ப்பட்டால், முதலில் விழுவது அந்த மேல்மாடிதான்.

இதனைப் பேசித் தீர்க்கத் தொழிற்சங்கம் வேண்டும். 1999இன் கைத்தொழிற் பிணக்குகள் திருத்தச் சட்டத்தின்படி, முதலாளி ஒரு சங்கத்தோடு பேரம் பேசக் கட்டுப்பட வேண்டுமாயின் ஊழியர்களில் நாற்பது வீதத்தினர் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். கூட்டம் கூடுவதே சந்தேகத்துக்குரிய செயலாகப் பார்க்கப்பட்ட வன்னியில், புலனாய்வாளர்களின் கண் எப்போதும் முதுகில் இருந்த ஆண்டுகளில், ஒரு இருபது வயதுப் பெண் அந்த நாற்பது வீதத்தை எங்கே போய்த் திரட்டுவாள்? தெற்கிலேயே நிலைமை இதுதான். 2011 மேயில் ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்காவில் தொழிலாளர் கிளர்ந்தபோது பொலிஸார் சுட்டனர். 21 வயது ரொஷேன் சானக்க உயிரிழந்தார். தமிழ் அரசியல் தலைமைகளோ தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசியபோது காணியைப் பற்றியும் கலாசாரத்தைப் பற்றியும் பேசினர். சம்பளச் சீட்டைப் பற்றி அவர்களில் எவரும் நீண்ட உரை நிகழ்த்தி நான் கேட்டதில்லை.

பியோன்சே 2018 நவம்பரில் பங்காளி பிலிப் கிறீனிடமிருந்து 'ஐவி பார்க்'கை முழுமையாகத் தன்வசமாக்கினார். பின்னர் அடிடாஸுடன் கைகோத்தார். 2023இல் அதுவும் முடிந்தது. ஆடையைக் கடையில் விற்ற டொப்ஷொப்பின் தாய் நிறுவனம் 2020 நவம்பரில் சரிந்தது. கேத்தி லீயின் ஆடைகள் வோல்மார்ட்டிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டன.

சம்பளத்தின் கதை வேறு. ஆடை டொலருக்கு விற்கப்படுகிறது, கூலி ரூபாவில் கொடுக்கப்படுகிறது. 2016இல் சட்டபூர்வக் குறைந்தபட்சமான 13,500 ரூபா அன்றைய நாணய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 93 டொலர். 2021இல் அது படியோடு சேர்த்து 16,000 ரூபாவாயிற்று. 2022இல் ரூபா சரிந்து டொலர் 360ஐத் தாண்டியபோது அந்த 16,000 ரூபாவின் பெறுமதி 45 டொலருக்கும் கீழே இறங்கிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். தைக்கும் விரல்களின் வேகம் குறையவில்லை, இலக்கும் குறையவில்லை, கூலி மாத்திரம் பாதியாயிற்று. அந்த ஆண்டில் எந்த நட்சத்திரத்தின் பெயரும் அந்த ஆடைகளோடு சேர்த்துப் பேசப்படவில்லை. ஆதலால் லண்டனிலிருந்து எந்தச் செய்தியாளரும் வரவில்லை. 2025இன் திருத்தச் சட்டம் குறைந்தபட்ச வேதனத்தை அவ்வாண்டு ஏப்பிரலில் 27,000 ரூபாவாகவும் 2026 சனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்திற்று. பின்னையதை டொலருக்கு மாற்றினால் நூறுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் 'த சன்' வந்து பார்த்தபோது இருந்ததைவிட ஒரு சில டொலர்கள் அதிகம்.