நரைக்கு மரியாதை, நடத்தைக்குக் கணக்கு: தொடக்ககாலத் திருச்சபையும் முதிர்ந்த ஆண்களின் ஒழுக்கமும்

ஆய்வின் கேள்வி

கிறிஸ்தவ சபையில் வயது முதிர்ந்த ஆண்களிடம் எத்தகைய குணமும் நடத்தையும் எதிர்பார்க்கப்பட்டன? தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபம் இதற்கு ஒரே வசனத்தில் விடை தருகிறது. அந்த விடை அடுத்த ஐந்நூறு ஆண்டுகளில் கடிதங்களாகவும் சபை ஒழுங்கு நூல்களாகவும் மடத்து விதிகளாகவும் விரிந்தது. இன்றைய பிரசங்கங்களில் அவ்வசனம் பெரும்பாலும் ஒரு நற்குணப் பட்டியலாகவே எடுத்துரைக்கப்படுகிறது. மூத்தவர்கள் நடைமுறையில் எங்கே இடறினார்கள், அப்போது சபை என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அப்பட்டியலின் கனம் விளங்கும்.

முதல் நூற்றாண்டு முதல் ஆறாம் நூற்றாண்டு வரையிலான சான்றுகளை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது. சபை முதுமையை மனதார மதித்தது. ஆயினும் முதுமையை ஒழுக்கத்துக்குச் சான்றாக அது ஏற்றுக்கொள்ளவில்லை. பெரியவர் தவறும்போது அவருக்குரிய மரியாதையைக் காத்தபடியே கணக்குக் கேட்கும் வழிகளை அது படிப்படியாக வகுத்தது. இதுவே இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்து.

யூத, கிரேக்க, ரோமப் பின்னணி

கிறிஸ்தவம் பிறந்த உலகம் மூத்தோரை உயர்வாக வைத்திருந்த உலகம். ஸ்பார்ட்டாவின் மூத்தோர் அவையில் இரு அரசர்களைத் தவிர்த்து 28 பேர் இருந்தனர். 60 வயது நிறைந்தவர்களே அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட முடியும். ரோமக் குடும்பத்தில் மூத்த ஆணின் அதிகாரம் வளர்ந்த பிள்ளைகள் மீதும் நீடித்தது. கி.மு. 44இல் சிசரோ முதுமையைப் போற்றித் தனி நூலே எழுதினார்.

யூத மரபிலும் அப்படியே. நரைத்தவர் முன் எழுந்து நிற்க வேண்டும் என்று லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. மோசேயின் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள எழுபது மூப்பர் நியமிக்கப்பட்டதை எண்ணாகமத்தின் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் இதே மரபு எச்சரிக்கையும் செய்தது. மதிப்புக்குரிய முதுமையை ஆண்டுக்கணக்கால் அளக்க முடியாது என்கிறது சாலமோனின் ஞானம். காமத்தை விடாத கிழவரை வெறுக்கத்தக்கவர்களில் ஒருவராகச் சேர்க்கிறது சீராக்கின் ஞானம். தானியேல் நூலின் கிரேக்க வடிவில் உள்ள சூசன்னாவின் கதையில், நீதிபதிகளாக இருந்த இரு மூப்பர்கள் ஒரு பெண்மீது பொய்ப்பழி சுமத்துகிறார்கள். இளைஞனான தானியேல் இருவரையும் தனித்தனியே விசாரித்து உண்மையை வெளிக்கொணர்கிறான். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகரின் ஆயர் ஐரேனியஸ், தம் காலத்துத் தீய மூப்பர்களைக் கண்டிக்க இந்தக் கதையையே எடுத்தாண்டார்.

கிரேத்தாவுக்குச் சென்ற அறிவுரை

தீத்து நிருபத்தைப் பவுல் கி.பி. 60களில் எழுதினார் என்பது மரபு. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ அவர் வழிவந்தவர்கள் எழுதியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எப்படியாயினும், கிரேத்தாத் தீவின் இளம் சபைகளை ஒழுங்குபடுத்துவதே அதன் நோக்கம்.

முதல் அதிகாரம் மூப்பராக நியமிக்கப்படுபவரின் தகுதிகளைச் சொல்கிறது: குற்றம் சாட்டப்படாதவர், முன்கோபம் இல்லாதவர், குடிக்கு அடிமையாகாதவர், கைநீட்டாதவர், இழிவான ஆதாயத்தை நாடாதவர், விருந்தோம்புபவர். இரண்டாம் அதிகாரம் பதவி எதுவும் இல்லாத வயோதிக ஆண்களை நோக்கித் திரும்புகிறது. அவர்களிடம் அது கேட்பவை ஆறு: தெளிந்த மனம், கண்ணியம், தன்னடக்கம், விசுவாசத்தில் உறுதி, அன்பில் உறுதி, பொறுமையில் உறுதி.

இவ்விரு பகுதிகளையும் அடுத்தடுத்து வாசித்தால் இரண்டு செய்திகள் புலப்படும். பதவியில் இல்லாத முதியவருக்கும் ஒழுக்கக் கடமை உண்டு என்பது ஒன்று. அந்த ஆறில் ஒன்றுகூட பிறரை ஆளுவது பற்றிப் பேசவில்லை என்பது மற்றொன்று. முதியவர் முதலில் ஆள வேண்டியது தம்மையே. மது, கோபம், நாவு, சலிப்பு ஆகியவை முதுமையில் தாமாகவே அடங்கிவிடும் என்று நிருபம் கருதவில்லை. விசுவாசமும் அன்பும் பொறுமையும் தளராமல் இருக்கக் கடைசிவரை முயற்சி வேண்டும் என்றே அது எண்ணியது.

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம் இதற்குத் துணைவிதியை வகுக்கிறது. இளைஞனான சபைத் தலைவன் முதியவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. தகப்பனிடம் பேசுவதுபோல் புத்தி சொல்ல வேண்டும். மூப்பர்மீது வரும் புகாரை இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக் கூடாது. ஆனால் தவறு செய்வதை விடாதவர்களை எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்க வேண்டும். வீண்பழியிலிருந்து மூப்பரைக் காப்பதும், குற்றத்தை மூடி மறைக்காதிருப்பதும் இங்கே ஒரே ஏற்பாட்டின் இரு பகுதிகள். பின்வந்த ஒழுங்குகளுக்கெல்லாம் அடித்தளம் இதுவே.

கொரிந்துவும் மக்னேசியாவும்: இளையவரோடு உறவு

கி.பி. 96ஐ ஒட்டி ரோமச் சபை கொரிந்துச் சபைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. முதலாம் கிளமெந்து என அறியப்படும் அக்கடிதத்தின் பின்னணி ஒரு கலகம். கொரிந்துவில் சிலர் மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டனர். ரோமச் சபை மூப்பர்களின் பக்கம் நின்றது. ஆனால் அவர்கள் மூத்தவர்கள் என்பதை மட்டும் அது காரணமாகக் காட்டவில்லை. பழுதில்லாமல், பணிவோடு, தன்னலமின்றிப் பணி செய்தவர்களை நீக்கியது அநீதி என்றே வாதிட்டது. பதவிக்கு அரண் நடத்தை என்ற எண்ணம் அந்த வாதத்திலேயே அடங்கியிருக்கிறது.

கடிதத்தின் இறுதிப் பகுதியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சமாதானத் தூதுவர்களாக ரோமச் சபை அனுப்பியவர்கள், இளமை முதல் முதுமைவரை தங்கள் நடுவில் குற்றமின்றி வாழ்ந்தவர்கள் என்று அறிமுகப்படுத்தப்படுகிறார்கள். ஒரே சபை கண்ணெதிரே பார்த்திருந்த முழு வாழ்க்கையே அவர்களுடைய தகுதி. பிளவுபட்ட சபைக்கு நடுவராகப் போக அத்தகைய முதியவர்களே வேண்டும் என்று ரோம் முடிவு செய்தது.

சிறிது காலத்துக்குப் பின் அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸ், மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் மக்னேசியச் சபைக்கு எழுதினார். அச்சபையின் ஆயர் தாமாஸ் வயதில் இளையவர். அந்த இளமையைச் சாதகமாக்கிக்கொள்ளாமல் மூப்பர்கள் அவருக்கு அடங்கி நடப்பதை இக்னேஷியஸ் மனமாரப் பாராட்டுகிறார். தம்மைவிட இளையவரின் தலைமையை மனக்கசப்பின்றி ஏற்பது மூத்தவருக்குரிய பண்புகளில் ஒன்றாக இங்கே இடம்பெறுகிறது.

பணம்: பிலிப்பியும் கார்த்தேஜும்

இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னாவின் ஆயர் பாலிகார்ப் பிலிப்பியச் சபைக்கு எழுதிய கடிதம், மூப்பர்களின் அன்றாடக் கடமைகளை எடுத்துச் சொல்கிறது. வழிதவறியவர்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்; நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும்; விதவையையும் அனாதையையும் ஏழையையும் மறக்கக் கூடாது; கோபமும் பாரபட்சமும் ஆகாது; ஒருவரைப் பற்றிய குறைகளைக் கேட்டவுடன் நம்பிவிடக் கூடாது; பண ஆசையைவிட்டு வெகுதூரம் விலகியிருக்க வேண்டும்.

கடைசி அறிவுரைக்கு நேரடிக் காரணம் இருந்தது. பிலிப்பியில் மூப்பராயிருந்த வாலன்ஸ் என்பவர், மனைவியோடு சேர்ந்து, தம் பொறுப்புக்கே இழுக்குத் தேடிக்கொண்டார். அது பணத்தாசை தொடர்பான குற்றம் என்பதைக் கடிதத்தின் போக்கு காட்டுகிறது. பாலிகார்ப் குற்றத்தைப் பூசி மெழுகவில்லை. அதே சமயம், அவ்விருவரையும் பகைவர்களாக எண்ணாமல், நோயுற்ற உறுப்புகளாகக் கருதித் திரும்ப அழைக்கும்படி கேட்டுக்கொண்டார். இந்தப் பாலிகார்ப் பின்னர் இரத்தசாட்சியாக மரித்தவர். 86 ஆண்டுகள் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்ததைச் சொல்லியே அவர் விசுவாசத்தை மறுதலிக்க மறுத்தார் என அவருடைய மரண வரலாறு பதிவு செய்துள்ளது. தீத்து நிருபம் கேட்ட பொறுமையின் உறுதிக்கு அவர் வாழ்வே சாட்சி.

வட ஆப்பிரிக்கச் சபைகளில், குருத்துவப் பட்டம் பெறாத பொதுநிலை மூப்பர்கள் தனிக் குழுவாக இயங்கினர். சபையின் சொத்துக்களைக் காப்பதும் குழப்பங்களில் தலையிட்டுத் தீர்ப்பதும் அவர்கள் வேலை. ஹிப்போ நகரச் சபைக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அதன் ஆயர் அகுஸ்தீன், குருக்களையும் மூப்பர்களையும் மக்களையும் தனித்தனியே விளிக்கிறார்.

இக்குழுவின் இருண்ட பக்கத்தை நான்காம் நூற்றாண்டு எழுத்தாளர் ஆப்டாட்டஸ் விவரிக்கிறார். கார்த்தேஜின் ஆயர் மென்சூரியஸ் அரச விசாரணைக்கு அழைக்கப்பட்டார். ஆலயத்தில் பொன், வெள்ளிப் பாத்திரங்கள் நிறைய இருந்தன. அவற்றை நம்பிக்கைக்குரியவர்கள் என்று கருதிய மூப்பர்களிடம் ஒப்படைத்தார். புறப்படுமுன் பொருள்களின் பட்டியலை எழுதி ஒரு மூதாட்டியிடம் கொடுத்தார். தாம் திரும்பாவிட்டால் அடுத்து ஆயராக அமர்பவரிடம் அதைச் சேர்க்கும்படி சொன்னார். மென்சூரியஸ் திரும்பும் வழியில் இறந்துபோனார். புதிய ஆயர் செசிலியனிடம் மூதாட்டி பட்டியலைக் கொடுத்தார். மூப்பர்கள் அழைக்கப்பட்டனர். பொருள்களைத் தமதாக்கிக்கொண்டிருந்த அவர்கள், அவற்றைத் திருப்பித் தராமல் செசிலியனின் எதிரிகளோடு சேர்ந்துகொண்டனர். வட ஆப்பிரிக்கத் திருச்சபையை நூறாண்டுக்கும் மேலாகப் பிளந்துவைத்த டொனாட்டிஸ்டுப் பிரிவினைக்கு இதையும் ஒரு காரணமாக ஆப்டாட்டஸ் கருதுகிறார். அவர் செசிலியன் தரப்பைச் சேர்ந்தவர் என்பதை நினைவில் வைத்தே இதை வாசிக்க வேண்டும். ஆனால் மென்சூரியஸின் முன்னெச்சரிக்கை கவனத்துக்குரியது: மூப்பர்களை நம்பியவர், கணக்கை அவர்கள் கையில் விடவில்லை.

இருக்கையும் நீதியும்: சிரியாவின் சபை ஒழுங்கு

மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் உருவான 'டிடாஸ்காலியா' என்ற சபை ஒழுங்கு நூல், ஆயராகத் தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு ஐம்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. சிறிய சபையில் அந்த வயதுடைய தக்கவர் கிடைக்காவிட்டால், முதியவருக்குரிய பக்குவம் உள்ளவர் என நற்சாட்சி பெற்ற இளையவரை நியமிக்கலாம் என்று விலக்கும் அளிக்கிறது.

ஆராதனையில் யார் எங்கே அமர்வது என்பதையும் இந்நூல் வகுக்கிறது. வயது முதிர்ந்தவர்களுக்குத் தனி இடம் உண்டு. இடம் போதாவிட்டால் இளைஞர்கள் நிற்க வேண்டும். உலகில் செல்வாக்குள்ள ஒருவர் உள்ளே வந்தால் ஆயர் தம் உரையை நிறுத்தக் கூடாது. சகோதரர்களில் ஒருவர் இடம் விட்டுக்கொடுத்தால் போதும். ஏழை ஒருவர், அதிலும் வயதானவர், வந்து அவருக்கு இடமில்லையென்றால், தாமே தரையில் உட்கார நேர்ந்தாலும் ஆயர் அவருக்கு இடம் செய்துதர வேண்டும். மதிப்பு பணத்தைப் பார்த்து வராமல் வயதையும் வறுமையையும் பார்த்து வந்தது இங்கே.

வழக்குகளைத் தீர்க்கும் நாளாகத் திங்கட்கிழமையை இந்நூல் குறித்தது. மூப்பர்களும் உதவிக்காரர்களும் ஆயரோடு அமர வேண்டும். சண்டையிட்டவர்களை அடுத்த ஞாயிறு ஆராதனைக்குள் சமாதானப்படுத்த அப்போதுதான் வாரம் முழுவதும் கிடைக்கும். மூப்பரின் பொறுமைக்கு இப்படி ஒரு கால அட்டவணையே தரப்பட்டது.

பாலைவனமும் மடமும்

எகிப்தின் துறவியர் மரபில் முதியவரே ஆன்மிக வழிகாட்டி. அந்த மரபே அவரைக் கடுமையாகச் சோதித்தும் பார்த்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் காசியன் எழுதிய உரையாடல் நூலில் அப்பா மோசே என்ற துறவி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். இளம் துறவி ஒருவன் தன்னை வாட்டிய காம இச்சையை ஒரு முதியவரிடம் அறிக்கையிட்டான். அவரோ, நீ துறவி என்று அழைக்கப்படவே தகுதியற்றவன் என்ற பொருளில் கடுஞ்சொற்களால் சாடினார். மனமுடைந்தவன் மடத்தைவிட்டே புறப்பட்டான். வழியில் அவனைச் சந்தித்த அப்பா அப்போல்லோ, இந்த வயதிலும் தமக்கு அத்தகைய சோதனை உண்டு என்று தேற்றித் திருப்பி அனுப்பினார். பிறகு அந்த முதியவரின் அறைக்கு அருகே நின்று, இளைஞனின் சோதனை அவருக்கு வரட்டும் என்று மன்றாடினார். முதியவரால் தாங்க முடியவில்லை. இளைஞன் போன அதே பாதையில் ஓடினார். நரைத்த தலை என்பதற்காகவே ஒருவரைப் பின்பற்ற வேண்டியதில்லை என்பது மோசே இதிலிருந்து காட்டும் பாடம். இரக்கத்தை இழந்த முதியவரிடம் எவரும் மனம் திறக்க மாட்டார்கள் என்ற அனுபவமும் இதில் இருக்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய மட விதி இவ்வனுபவங்களை நடைமுறை ஏற்பாடுகளாக்கியது. மடத்தில் வரிசை வயதைப் பொறுத்ததன்று. சேர்ந்த நாளைப் பொறுத்தது. இளையோர் மூத்தோரை மதிக்க வேண்டும். மூத்தோர் இளையோரை நேசிக்க வேண்டும். முக்கிய முடிவுகளுக்கு எல்லோரையும் கலந்துபேச வேண்டும், ஏனெனில் இளையவர் வாயிலாகவும் கடவுள் நல்லதை உணர்த்துவதுண்டு. முதியவர்களின் உடல் பலவீனத்தை முன்னிட்டு உணவு விதி தளர்த்தப்பட்டது. வாசலில் வருவோருக்கு விடை சொல்லும் பொறுப்பு விவேகமுள்ள முதியவர் ஒருவருக்குத் தரப்பட்டது. தண்டனை பெற்று ஒதுக்கப்பட்ட சகோதரன் துயரத்தில் மூழ்கிவிடாதபடி, அனுபவமுள்ள மூத்தோர் ஓசையின்றிப் போய் ஆறுதல் சொல்ல ஏற்பாடு இருந்தது.

பின்வந்த மரபும் நம் சபைகளும்

சீர்திருத்தக் காலம் பொதுநிலை மூப்பரை மீண்டும் முன்னிறுத்தியது. 1541ஆம் ஆண்டின் ஜெனீவா ஒழுங்கின்படி 12 மூப்பர்கள் நகர மன்றங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, வியாழன்தோறும் போதகர்களோடு கூடினர். ஸ்காட்லாந்தின் 1560ஆம் ஆண்டு ஒழுங்கு, மூப்பர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கச் சொன்னது. நெடுங்காலம் பதவியில் இருப்பவர் சபையின் சுதந்திரத்தில் கைவைக்கக்கூடும் என்ற அச்சமே காரணம். 1578ஆம் ஆண்டு ஒழுங்கு அப்பொறுப்பை ஆயுட்காலத்துக்கு உரியதாக்கியது. மூப்பர்களை முன்னிறுத்திய இந்தப் பிரெஸ்பிட்டேரியன் மரபும் காங்கிரகேஷனல் மரபும் இணைந்து 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகவும், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு மரபுகளோடு சேர்ந்து 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாகவும் உருப்பெற்றன. நம் சேகரக் கமிட்டிகளில் அமரும் பெரியவர்கள் இந்த நெடிய மரபின் வாரிசுகள்.

முடிவுரை

ஆறு நூற்றாண்டுச் சான்றுகளும் முதிர்ந்த ஆணின் நடத்தையை மூன்று இடங்களில் உரைத்துப் பார்க்கின்றன: கோபத்தையும் நாவையும் அடக்குவதில், பொதுப்பணத்தைக் கையாள்வதில், இளையவரோடும் எளியவரோடும் பழகுவதில். தீத்து நிருபம் இவற்றைக் குணங்களாகக் கேட்டது. வாலன்ஸின் வீழ்ச்சியும் கார்த்தேஜின் இழப்பும் குணத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது என்று கற்பித்தன. சாட்சிகளின் எண்ணிக்கை, எழுதிவைத்த பட்டியல், விசாரணைக்குக் குறித்த நாள், எல்லோரையும் கலந்துபேசும் விதி ஆகியவை அதே உண்மையை உணர்ந்து வகுக்கப்பட்ட ஏற்பாடுகள்.

கணக்குக் கேட்பது பெரியவர்களுக்கு அவமரியாதை என்ற எண்ணம் இன்றும் பல சபைகளில் வேரூன்றியிருக்கிறது. தொடக்ககாலத் திருச்சபை அப்படி நினைக்கவில்லை. முதியவரை அது தகப்பனாக அழைத்தது, தன் இருக்கையை அவருக்குத் தந்தது, கணக்கையும் கேட்டது. அந்த மூன்றையும் சேர்த்துச் செய்யும் சபையில்தான் மூத்தவரின் சொல்லுக்கு எடை இருக்கும். அவர் வாழ்வு இளையவர்களுக்குப் பாடமாகவும் அமையும்.