மூச்சுக்குப் பேச்சே சாட்சி

1962ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், கார்ன்வால் பூங்காவில் ஓடுவதற்காகத் திரண்ட ஒரு கும்பலோடு பில் பவர்மேனும் சேர்ந்துகொண்டார். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியாளர் அவர். அந்த ஆண்டுதான் அவருடைய அணி தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றிருந்தது. பிறரை ஓடவைப்பதில் கைதேர்ந்தவர், ஆனால் தானே ஓடிப் பல காலமாகியிருந்தது, வயதும் 51. பாதை குன்றின் பக்கம் ஏறத் தொடங்கியதும் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது, கும்பல் முன்னே போய்விட்டது. ஆண்ட்ரூ ஸ்டீட்மன் என்ற எழுபது தாண்டிய முதியவர், ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர், விருந்தாளியைத் தனியே விட மனமில்லாமல் பின்தங்கி அவரோடு பேச்சுக்கொடுத்துக்கொண்டே ஓடினார். பதில் சொல்லப் பவர்மேனிடம் மூச்சு இல்லை. புதிதாக ஓடுபவரின் மூச்சிரைப்பு வரலாற்றில் இதை முக்கியமான இடமாக நான் வைப்பேன். இரைப்புக்குப் பரிகாரம் நுரையீரலில் அல்ல, காலில் இருக்கிறது, அதாவது மெதுவாக ஓடினால் போதும் என்பது இன்று நமக்குச் சாதாரணமாகப் படுகிறது. அப்படிச் சொல்லும் துணிச்சல் உலகத்துக்கு வந்து முழுதாக எழுபது ஆண்டுகூட ஆகவில்லை.

அறிவியல் இதற்கு முன்பே களத்தில் இறங்கியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் வெளியிட்ட ஆய்வு, நம்மை மூச்சுவிடத் தூண்டுவது முதன்மையாக ஆக்சிஜன் குறைவு அல்ல, உடலில் சேரும் கரியமில வாயு என்று காட்டியது. கடல்மட்டத்தில் ஓடும் நலமான ஒருவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் குறைவதில்லை. காற்றுக்காகத் தவிப்பதாக அவர் நினைக்கும்போது உடல் உண்மையில் கழிவை வெளியே தள்ளப் பாடுபடுகிறது. அடுத்து வந்தவர் ஏ. வி. ஹில். 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற இவர், அந்த ஆண்டுகளில் மான்செஸ்டரில் முதுகில் பெரிய பையொன்றைக் கட்டிக்கொண்டு, வெளிவிடும் மூச்சை அதில் பிடித்தபடி புல்தரையில் வட்டமடித்து ஓடினார். வேகம் கூடக்கூட உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் கூடி, அவர் விஷயத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டரில் நின்றுவிட்டது. அந்த உச்சத்துக்கு மேல் செய்யும் வேலை கடன் வாங்கிச் செய்வது என்றார். ‘ஆக்சிஜன் கடன்’ என்ற சொல் அப்படி வந்தது. உடலுக்குள் நடப்பது அந்தக் கணக்கைவிடச் சிக்கலானது என்று பிற்பாடு தெரிந்தாலும், வரம்பு ஒன்று உண்டு, வேகம்தான் நம்மை அங்கே கொண்டுபோகிறது என்ற அடிப்படை நிலைத்தது. ஆனால் இந்த அறிவு சோதனைக்கூடத்தின் படி இறங்கித் தெருவுக்கு வரவில்லை.

தெருவில் இருந்தது பயம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். இரண்டாவதாக வந்த ஜப்பானின் ஹிதோமி கினுவே, 100 மீட்டரில் தோற்றபின் அந்த இழப்பை ஈடுகட்டவே இதில் இறங்கியவர். இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். ஓடி முடித்தவர்கள் இரைக்க இரைக்கத் தரையில் சாய்ந்ததைப் பார்த்த சில பத்திரிகைகளோ, பாதிப்பேர் பாதியில் நிலைகுலைந்து விழுந்ததாக எழுதின. ஆண்கள் ஓடிவிட்டுப் புல்லில் மல்லாந்தால் அது வீரம், பெண்கள் சாய்ந்தால் விபத்து. அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வர 1960 ரோம் ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரைப்பு என்பது உடலின் தகுதியின்மைக்கு அத்தாட்சி என்ற இந்த வாசிப்பு பெண்களை மட்டும் தடுக்கவில்லை. முதல் நாள் ஓடிப்பார்த்து, தெருமுனையில் இடுப்பில் கைவைத்து நின்று, ‘நமக்கு ஒத்துவராது’ என்று திரும்பும் எவரும் தம்மைப் பற்றிச் செய்துகொள்வதும் இதே வாசிப்புதான்.

அந்த வாசிப்பை மாற்றியவர் ஆர்தர் லிடியர்ட், ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். உடல் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், தன்னைவிட மூத்த நண்பர் ஒருவரோடு ஐந்து மைல் ஓடிப்போய் மூச்சுமுட்டி நின்றார். பிறகு பல ஆண்டுகள் தன் உடலையே சோதனைக்களமாக்கி, நீண்ட தூரத்தை இரைப்பில்லாத வேகத்தில் ஓடுவதே அடித்தளம் என்ற முடிவுக்கு வந்தார். அவர் பயிற்றுவித்த பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ரோமில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பதக்கங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதே முறையை அவர் தொந்தி விழுந்த வியாபாரிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் கொடுத்ததுதான். பூங்காவில் பவர்மேன் சந்தித்தது அந்தக் கும்பலைத்தான். ஊர் திரும்பியதும் யூஜீன் நகரத்தாரை ஓட அழைத்தார். சில வாரங்களில் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருக, யாராவது செத்துவைத்தால் என்ன செய்வது என்று பயந்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு டபிள்யூ. ஈ. ஹாரிஸ் என்ற இதய மருத்துவரைச் சேர்த்துக்கொண்டு சிறு குழுக்களில் சோதித்துப் பார்த்து, 1967இல் இருவருமாக வெளியிட்ட ‘ஜாகிங்’ என்ற புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஓடும்போது பக்கத்திலிருப்பவரோடு பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள் என்பது அதன் முக்கிய அளவுகோல். சடுகுடு பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. பாடிப் போகிறவர் மூச்சை விட்டாரா இல்லையா என்பதை அங்கேயும் குரல்தான் காட்டிக்கொடுக்கும்.

வேகத்தைக் குறை என்பது தப்பித்தல், மூச்சுவிடும் முறையையல்லவா திருத்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மூக்கால் இழு, இத்தனை அடிக்கு ஒரு மூச்சு என்று கணக்குச் சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை. 1983இல் பிராம்பிளும் கேரியரும் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் விலங்குகள் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கட்டுண்டிருக்க, மனிதரால் பல விகிதங்களில் ஓட முடியும். பழகிய ஓட்டக்காரர்களிடம் காலும் மூச்சும் இசைந்து போகின்றன, புதியவர்களிடம் அந்த இசைவு அநேகமாக இல்லை. அப்படியானால் தாளம் பழக்கத்தோடு வந்து சேர்கிறது என்று கொள்வதே பொருத்தம். ஏற்கெனவே திணறுபவர் எண்ணிக்கையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. லிடியர்டின் வீரர்கள் வாரம் 100 மைல் ஓடினார்களே, அது மெதுவா என்றும் கேட்கலாம். ஆனால் அந்த மைல்களில் பெரும்பகுதி அவர்கள் பேசிக்கொண்டே ஓடக்கூடியதாக இருந்தது. பலமான ஆட்சேபம் மருத்துவத்திலிருந்து வருகிறது: எல்லா இரைப்பும் வேகத்தால் வருவதில்லை. இதை மறுக்க முடியாது. வேகத்தால் வந்த இரைப்பு நின்று நடந்தால் சில நிமிடங்களில் அடங்கும். உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்குபவருக்கோ ஓட்டம் நின்றபின்தான் இழுப்பு பெரும்பாலும் உச்சத்துக்குப் போகும், இருமல் வரும், நெஞ்சில் விசில் கேட்கும். அதற்கும் நெஞ்சுவலிக்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பேச்சு அளவுகோல் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளவும் உதவுகிறது. பேசும் வேகத்துக்கு இறங்கியும் ஒருவருக்கு மூச்சு அடைத்தால், குற்றவாளி வேகம் அல்ல.

சோதனைக்கூடம் கடைசியில் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில், கார்ல் ஃபாஸ்டர் குழுவினர் 2000க்குப் பிறகு ஆட்களை ஓடுபொறியில் ஏற்றி, படிப்படியாக வேகம் கூட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பத்தியை உரக்கச் சொல்ல வைத்தார்கள். அந்தப் பத்தி, அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளியில் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழி. பேச வேண்டுமென்றால் மூச்சை நீளமாக, சிக்கனமாக வெளிவிட வேண்டும். கரியமில வாயு பெருகி உடல் அவசரமாக மூச்சுவிடக் கேட்கும் கட்டத்தில் அந்தச் சிக்கனம் நடக்காது. ‘சௌகரியமாகப் பேச முடிகிறதா?’ என்ற கேள்விக்கு ஆள் தயங்கத் தொடங்கிய வேகமும், முகமூடியும் குழாயுமாகக் கருவி அளந்த மூச்சு வரம்பும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தன.