பிச்சைக்காரர் என்னும் இகழ்பெயர்

விண்ணப்பத்திற்கு விடை கூற இயலாதவிடத்து, விண்ணப்பித்தார்க்கு ஓர் இழிபெயர் சூட்டி விலகுதல் அரசவைகளிற் பழைய வழக்கம். அவ்வாறு சூட்டிய சொல்லொன்று பெரும்போரில் ஒரு பக்கத்தார்க்கு விருதாய் நின்ற வரலாறு நெதர்லாந்து தேசத்தில் உண்டு.

16ஆம் நூற்றாண்டில் அத்தேசம் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்க சமயத்தினின்றும் பிரிந்தோரைத் தேடி விசாரித்துக் கொலைத்தண்டம் விதிக்கும் கட்டளைகள் ஆங்கு வழங்கின. 1566 ஏப்ரல் 5ஆம் நாள், பிரெடரோடு என்னும் பிரபுவின் தலைமையிற் சிறு பிரபுக்கள் பலர் பிரஸ்ஸல்ஸ் அரண்மனை புக்கு, அக்கொடுமையை நிறுத்துமாறு மன்னரின் பிரதிநிதியாகிய மார்கரெட் கோமாட்டியிடம் விண்ணப்பம் அளித்தனர். அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர்; புதுச்சமயத்தாரும் இருந்தனர். கோமாட்டி கலங்கவே, அருகிருந்த ஆலோசகர் பெர்லேமோன், இவர்கள் வெறும் பிச்சைக்காரரே, அஞ்சவேண்டா என்னும் கருத்துப்பட மொழிந்தாரென்ப. விண்ணப்பத்தின் நியாயத்தைப்பற்றி அச்சொல்லில் ஒன்றுமில்லை. கடன்பட்டு நொந்தார் சிலர் அக்குழுவில் இருந்தமையின், அது நன்கு தைத்தது.

மூன்று நாட்களின்பின் நடந்த விருந்தில், பிரெடரோடு அப்பெயரையே ஏற்றுக்கொண்டார். இரவற்பையும் மரக்கிண்ணமும் கொணர்வித்து அதில் மது பருக, அவையோர் 'பிச்சைக்காரர் வாழ்க' என்று ஆர்த்தனர். பின்னர், ஒருபுறம் மன்னர் முகமும் மறுபுறம் இரவற்பையும் பொறித்த பதக்கங்கள் அவர்தங் கழுத்தில் விளங்கின. சமயக்கொள்கையால் ஒன்றுபடாதாரை ஒரு வசைச்சொல் ஒன்றுபடுத்தியது. தடுத்தாட்கொண்ட புராணம் கற்றார்க்கு இது புதுமையன்று. வழக்கிடை வெகுளியிற் பிறந்த 'பித்தன்' என்னும் ஏச்சை இறைவர் தம் பாட்டிற்கு முதலாக்கிக் கொண்டாரன்றோ? ஆயின் ஆங்கு ஏசினவரே ஆட்பட்டார். நெதர்லாந்தில் நிகழ்ந்தது வேறு.

1567இல் ஆல்வா கோமகன் படையொடு வந்தார். விருந்து நடந்த மாளிகை மறுவருடம் அவர் ஆணையால் இடிக்கப்பட்டது. பெயரோ கடலேறிற்று. 'கடற்பிச்சைக்காரர்' எனப்பட்ட கப்பற்கூட்டத்தார் 1572 ஏப்ரல் 1ஆம் நாள் பிரீல் துறைமுகத்தைக் கைப்பற்ற, நகரங்கள் பல மன்னருக்கு எதிராய் எழுந்தன. 1648இல் வடபகுதியின் சுதந்தரத்தை ஸ்பெயின் ஒப்புக்கொண்டது. இகழ்ந்தோர் இட்ட பெயரைத் தாமே விரும்பித் தரித்தால், அதனைக் குறிக்க அந்நாட்டு மொழியில் இன்றும் 'பிச்சைக்காரர் பெயர்' என்று பொருள்படும் சொல்லே வழங்குகின்றது.

இவ்வரலாற்றைப் புகழ்வார் பெரும்பாலும் இவ்விடத்தே நிறுத்திவிடுவர். பிரீல் வீழ்ந்த அவ்வாண்டிலேயே, கொர்க்கம் நகரிற் பிடிக்கப்பட்ட கத்தோலிக்கக் குருமாரும் துறவியருமாய 19 பேர் பிரீலுக்குக் கொணரப்பட்டு, ஜூலை 9ஆம் நாள் அக்கடற்கூட்டத்தாரால் தூக்கிலிடப்பட்டனர். போப்பின் தலைமையை மறுத்தால் உயிர்பிழைக்கலாம் எனப்பட்டும் அவர்கள் மறுத்திலர். 1574இல் கடற்பிச்சைக்காரர் அணிந்த பிறைவடிவப் பதக்கத்தில் இரவற்பை இல்லை. போப்பின் ஆளாவதினும் துருக்கனாவது மேல் என்னும் ஏச்சே பொறிக்கப்பட்டிருந்தது.